பழைய பிரிண்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சேவை: 121 கிலோ, நாலு மாதம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். பிரிண்டர் நிறுவனத்தின் 'பழைய பொருளைத் திரும்பப் பெறும் சேவை'க்கு ஐந்துக்கு இரண்டு. ஷோரூம் எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்று. பேட்டரிக் கடைக்கு நாலரை. அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு மூன்றரை, ஆனால் அந்தக் கதை இன்னும் முடியவில்லை. காயலான் கடைக்கு மதிப்பெண் போட என்னால் முடியவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தஞ்சாவூரில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். 1999-ல் ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டரோடு ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கோர்ட் மனு, காலேஜ் புராஜெக்ட் என்று எல்லாம் வரும். இந்த பிப்ரவரியில் கட்டடத்துக்காரர் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னதால் ரெண்டு கடை தள்ளி மாற வேண்டியதாயிற்று. அப்போதுதான் பரணை முழுசாக இறக்கினோம். கால் நூற்றாண்டாக 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஏற்றி வைத்ததெல்லாம் கீழே வந்தது. பெட்டி மாதிரி பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் பழைய மானிட்டர் மூன்று. லேசர் பிரிண்டர் இரண்டு. ஒரு இங்க்ஜெட். யு.பி.எஸ். நான்கு. சி.பி.யூ. பெட்டி இரண்டு. ஒரு சாக்கு நிறைய கீபோர்டும் ஒயரும். 27 காலி டோனர் கார்ட்ரிட்ஜ். எதிரே இருக்கும் வெங்காய மண்டித் தராசில் தவணை தவணையாக நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 121 கிலோ.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "காயலான் கடைக்காரரைக் கூப்பிடு, பத்து நிமிஷத்துல இடம் காலி" என்றார். அது உண்மைதான். ஆனால் எனக்கு ஒரு பழைய உறுத்தல் இருக்கிறது.

2012 வாக்கில் இதே மாதிரி ரெண்டு மானிட்டரை அவரிடம் போட்டேன். ஒன்றுக்கு 150 ரூபாய் என்று கையில் கொடுத்துவிட்டு, "வேற எதுனா இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பக்கமாக வண்டியில் போனபோது, கடைக்குப் பின்னால் காலி மனையில் ரெண்டு பையன்கள் மானிட்டரின் கழுத்தை உடைத்து, அதில் சுற்றியிருந்த செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சக் கண்ணாடி சாக்கடை ஓரத்தில் கிடந்தது. என் மானிட்டர்தான். பக்கவாட்டில் நான் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அந்தக் கண்ணாடியின் பின்பக்கக் கூம்பில் ஈயம் கலந்திருப்பார்கள், உள்ளே உருவாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க. ஒரு பெட்டியில் கணிசமாகவே ஈயம் இருக்கும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஏதோ தப்பு என்று பட்டது, அவ்வளவுதான்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டால் வருகிறார், கண் முன்னால் எடை போடுகிறார், கையில் காசு தருகிறார். சேவை என்று மட்டும் பார்த்தால் அவருக்குத்தான் ஐந்துக்கு ஐந்து. அதனால்தான் மதிப்பெண் போட முடியவில்லை என்றேன்.

இந்தத் தடவை முறைப்படி செய்வோம் என்று முடிவு பண்ணியதற்கு ஒரு சட்டக்கல்லூரிப் பையன் காரணம். எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: பிரிண்ட் எடுக்க வருவதையெல்லாம் நாமும் ஓசியில் படித்துவிடலாம். அவன் கொண்டு வந்த புராஜெக்ட், நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றியது. 140 பக்கம், மூன்று பிரதி, ஸ்பைரல் பைண்டிங். கரன்ட் போய்ப் போய் வந்த நாள் என்பதால் பாதிக்கு மேல் படித்தேன். 1984-ல் போபால். அப்போது நான் ஆறாம் வகுப்பு, ரேடியோவில் கேட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். 1996-ல் நம்ம வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், கெடுத்தவர்தான் அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலாற்றில் என்ன மாறியது என்று கேட்காதீர்கள், அது வேறு அழுகை.

எனக்குப் பயன்பட்டது கடைசி அத்தியாயம், மின்னணுக் கழிவு விதிகள். முதல் விதிகள் 2011-ல் வந்து 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. ஒரு மின்னணுப் பொருளை விற்றவுடன் நிறுவனத்தின் கடமை முடிந்துவிடாது, அது செத்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று அவைதான் முதலில் சொல்லின. 2016-ல் அது விரிவடைந்தது, 2022-ல் மறுபடி புதிதாக எழுதினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது அந்த 2022 விதிகள். முன்பு 21 வகைப் பொருள் இருந்த பட்டியல் 106 ஆகிவிட்டது. பிரிண்டர் இருக்கிறது, கார்ட்ரிட்ஜும் இருக்கிறது, ஜெராக்ஸ் மெஷினும் இருக்கிறது. என் கடையையே பட்டியல் போட்ட மாதிரி இருந்தது. சரி, நிறுவனத்தையே கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்வோம், சட்டம் நம் பக்கம் என்று நினைத்தேன். எவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ரெண்டு லேசர் பிரிண்டரும் ஒரே நிறுவனம், பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம். இணையதளத்தில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பச்சை இலை, மண்ணில் செடி நடும் ஒரு குழந்தையின் கை, கட்டணமில்லாத் தொலைபேசி எண். பிப்ரவரி 17-ஆம் தேதி கூப்பிட்டேன். புதுசு வாங்க ஒன்றை அழுத்தவும், பழுதுக்கு இரண்டு, டோனர் ஆர்டர் செய்ய மூன்று. திருப்பிக் கொடுக்க எந்த எண்ணும் இல்லை. இரண்டை அழுத்தினேன்.

"உங்க பிரிண்டர்ல என்ன பிரச்சினை மேடம்?"

"பிரச்சினை ஒண்ணும் இல்லம்மா. செத்துப்போச்சு. எடுத்துட்டுப் போகணும்."

"டெக்னீஷியன் அனுப்பட்டுமா மேடம்?"

"அதுக்கு வைத்தியம் வேண்டாம்மா, காரியம்தான் பண்ணணும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. பாவம், அதன் கணினித் திரையில் இப்படி ஒரு வகையே இல்லை போல. வேறொருவருக்கு மாற்றியது, அவர் இன்னொருவருக்கு. கடைசியில் ஒரு புகார் எண் கொடுத்து, "திருச்சியில எங்க கலெக்‌ஷன் சென்டர் இருக்கு, நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம்" என்றார்கள். திருச்சிக்குப் போன் போட்டேன். அது ஒரு சர்வீஸ் சென்டர். "வாரண்டில மாத்தின பார்ட்ஸ்தான் இங்க வெச்சுக்குவோம். பழைய மெஷின் எல்லாம் வாங்குறதில்லையே, யார் சொன்னா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். உங்கள் நிறுவனம்தான் சொன்னது என்றேன். "லிஸ்ட்ல எங்க பேரு இருக்கா?" என்று அவருக்கே ஆச்சரியம்.

இப்படிப் பதினோரு முறை கூப்பிட்டேன். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், கடை நோட்டில் 'வர வேண்டிய பாக்கி' பக்கத்திலேயே. மார்ச் 8-ஆம் தேதி ஒரு மின்னஞ்சல் வந்தது: கூரியர் ஆள் வந்து எடுப்பார், நீங்களே பெட்டியில் கட்டி வைக்க வேண்டும், சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆள் வந்தது ஏப்ரல் 3. அதற்குள் புதுக்கடையில் மூன்று அட்டைப்பெட்டிகள் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சாகவே மாறிவிட்டன.

வந்த தம்பி நல்ல பையன். ரெண்டு பிரிண்டர், அவர்கள் தயாரித்த 16 கார்ட்ரிட்ஜ், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மிச்சம் 11 கார்ட்ரிட்ஜ் வேறு கம்பெனி சரக்கு, அதைத் தொடவில்லை. அதில் தப்பும் இல்லை. மானிட்டரைக் காட்டினேன். "கண்ணாடி ஐட்டம் நாங்க எடுக்க மாட்டோம்க்கா, வழியில ஒடஞ்சா என் தலையில விழும்." அந்த மானிட்டர்களும் இவர்கள் சரக்கில்லை என்பதால் வாதாடவில்லை. ஒன்று அசெம்பிள் பண்ணிய பெயரில்லாச் சரக்கு. மற்ற ரெண்டையும் செய்த கம்பெனி மானிட்டர் விற்பதையே எப்போதோ நிறுத்திவிட்டது. 2016 விதிகளில் பெயரில்லாச் சரக்குக்கும் மூடிப்போன கம்பெனியின் சரக்குக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்களாம்: அநாதைப் பொருள். பையனின் புராஜெக்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் பரணில் இருந்த மூன்றும்தான் ஞாபகம் வந்தன.

மே 21-ல் சான்றிதழ் வந்தது, மின்னஞ்சலில். இதுதான் இந்தச் சேவையின் சிகரம். ஓரத்தில் மறுபடியும் இலைகள், நடுவில் என் கடைப் பெயர், 'சுற்றுச்சூழலைக் காத்தமைக்கு நன்றி'. டிசைன் கொஞ்சம் நெரிசல், என்னிடம் கேட்டிருந்தால் நன்றாகப் போட்டுக் கொடுத்திருப்பேன். கீழே எடை: 35 கிலோ. நான் வெங்காய மண்டியில் நிறுத்தது 28.6 கிலோ. மூன்று அட்டைப்பெட்டியும் டேப்பும் சேர்த்தாலும் ரெண்டு கிலோ கூடும். மிச்சம் நாலு கிலோ சொச்சம் எங்கிருந்து வந்தது? கேட்டு எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

நாலு கிலோவுக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். ஆனால் நடப்பில் இருக்கும் விதிகளில் எல்லாமே எடைதான். நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் விற்ற சரக்கின் எடையைக் கணக்கெடுத்து, அதில் இத்தனை சதவீதத்துக்கு மறுசுழற்சி நடந்ததாகக் காட்ட வேண்டும். முதல் ரெண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், 2025-26-ல் இருந்து 70, 2027-28-ல் இருந்து 80. ஆனால் அந்த மறுசுழற்சியை நிறுவனம் தானே செய்ய வேண்டியதில்லை, தான் விற்ற பொருளைத்தான் சேகரிக்க வேண்டும் என்றும் இல்லை. பதிவு பெற்ற ஆலை யாருடைய சரக்கையோ உடைத்துப் பிரித்து, அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் சான்றிதழ் பெறும். அந்தச் சான்றிதழை நிறுவனம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டால் கடமை முடிந்தது. கல்யாணத்துக்கு நாம் போகாமல், போகிறவர் கையில் மொய் கொடுத்து அனுப்புவோமே, அதே மாதிரி. மொய் நோட்டில் நம் பெயர் ஏறிவிடும். பந்தியில் நம்மைத் தேட வேண்டாம்.

இது புரிந்த பிறகுதான் அந்தக் கட்டணமில்லா எண்ணில் ஏன் எனக்கு ஒரு பட்டன் இல்லை என்பது விளங்கியது. 2016 விதிகளில் சேகரிப்பு மையம் என்பது சட்டத்தின் நடுவில் இருந்தது. பொருள் விற்கும்போதே ஒரு தொகையை வாங்கி வைத்துக்கொண்டு, பழசைத் திருப்பிக் கொடுத்தால் வட்டியோடு தரும் வழியைக்கூட அதில் எழுதியிருந்தார்கள். அப்படிக் காசு திரும்ப வாங்கிய யாரையும் நான் பார்த்ததில்லை. மையங்களும் பெரும்பாலும் பட்டியலில்தான் இருந்தன, திருச்சி சர்வீஸ் சென்டர் மாதிரி. அந்தப் பாசாங்கைப் பார்த்துத்தான், சரி, சேகரித்தாயா என்று கேட்காமல் எவ்வளவு உடைத்துப் பிரித்தாய் என்று மட்டும் கேட்போம் என்று 2022-ல் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலைக்காரருக்கு ஒரு வருமானம் வந்தது. 2024-ல் சான்றிதழுக்குக் குறைந்தபட்ச விலையும் வைத்தார்கள், வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய், ஸ்மார்ட்ஃபோனுக்கு 34.

ஆனால் வாடிக்கையாளர் இடத்தில் இருந்து பாருங்கள். பிரிண்டருக்கும் அந்த 22 ரூபாய்தான் என்று வைத்துக்கொண்டால், என் 28.6 கிலோவின் கடமை மதிப்பு 630 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. வாசலுக்கு ஆள் அனுப்பி, மூன்று பெட்டியைத் தஞ்சாவூரிலிருந்து ஏற்றிக்கொண்டு போக கூரியரில் ஆயிரத்துக்குக் குறையாது. நானும் பார்சல் அனுப்புகிறவள்தான். ஆக, என் வீட்டு வாசலுக்கு வருவது நிறுவனத்துக்கு நஷ்டம், வராமல் இருப்பது லாபம், ரெண்டுமே சட்டப்படி சரி. இந்த நிலையிலும் பதினோரு போனுக்குப் பிறகாவது ஆள் அனுப்பினார்களே என்றுதான் ஒன்று போட இருந்த இடத்தில் இரண்டு போட்டேன்.

தண்டனை பற்றியும் அந்தப் பையன் எழுதியிருந்தான். 1986 சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருந்தது. 2023-ல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, 2024 ஏப்ரல் முதல் சிறையை எடுத்துவிட்டு, பத்தாயிரத்திலிருந்து 15 லட்சம் வரை பணமாகக் கட்டு என்று ஆக்கிவிட்டார்கள். சிறை இருந்த காலத்தில் எத்தனை முதலாளி உள்ளே போனார்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள், தயாராக இரு என்று அவனிடம் சொன்னேன். கேட்டார்களாம்!

ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது பிரிண்டர் வாங்கப் போனபோது இங்க்ஜெட்டைக் கொண்டுவந்தால் 300 ரூபாய் தள்ளுபடி என்றார்கள், கொடுத்தேன். இது எங்கே போகும் என்று கேட்டேன். "வாராவாரம் வண்டி வரும் மேடம்." யாருடைய வண்டி? விற்பனையாளர் சூப்பர்வைசரைப் பார்த்தார், சூப்பர்வைசர் என் பில்லைப் பார்த்தார். 4.2 கிலோ, போன இடம் தெரியவில்லை. பின்பக்கம் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிமேல் பெருக்கல் குறி போட்ட சின்னம் இருந்தது. குப்பையில் போடாதே என்று அர்த்தம். வேறு எங்கே போடுவது என்று சொல்ல ஒரு சின்னம் யாராவது வரைந்தால் நல்லது.

பேட்டரிக் கடைக்கு வருவோம், ஏனென்றால் நடந்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான். யு.பி.எஸ். நான்கையும் திறந்து உள்ளே இருந்த ஈய பேட்டரிகளைக் கழற்றி, இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடைக்குக் கொண்டுபோனேன். 8.2 கிலோ. கிலோ 85 ரூபாய். 697 வந்தது, 700 ஆகக் கொடுத்தார். பின்னால் ஆள் உயரத்துக்குப் பழைய பேட்டரி அடுக்கியிருந்தது. கம்பெனி லாரி வந்து எடுத்துப் போகும், புது ஸ்டாக் இறக்கும்போதே பழசை ஏற்றிக்கொள்ளும் என்றார். பேட்டரிக்கு 2001-லேயே தனி விதி போட்டு, விற்பவர் பழசை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2022-ல் அதுவும் புதுப்பிக்கப்பட்டது. அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், அமிலம் கசிந்த ஒன்றைக் கையுறை இல்லாமல் சின்னப் பையன் ஒருவன் தூக்கியது. யோக்கியமாக நடக்கக் காரணம் சட்டமா, ஈயத்தின் விலையா என்று அவரிடமே கேட்டேன். "ரெண்டும்தாம்மா. வெல இல்லாட்டி சட்டத்த யாரு பாக்கப் போறா?"

அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த போனில் வேறு மாதிரிக் காதில் விழுந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் இருந்து ஒரு மறுசுழற்சி ஆலையின் எண்ணை எடுத்துக் கூப்பிட்டேன், சென்னைப் பக்கம். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். பட்டன் அழுத்தச் சொல்லவில்லை. பேசியவர் கொள்முதல் பார்ப்பவர், வெளிப்படையான மனிதர். சி.பி.யூ.வுக்கு ஒரு விலை, யு.பி.எஸ். கூட்டுக்கு ஒரு விலை, ஒயருக்கு நல்ல விலை என்று கடகடவென்று சொன்னார். மானிட்டர் என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"அதுக்கு நாங்கதான் மேடம் செலவு பண்ணணும். உள்ள செம்பு கொஞ்சம், போர்டு கொஞ்சம். மீதி எல்லாம் கண்ணாடி."

ஆலைக்கு அந்த வாரியச் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு, முக்கியமாக இந்த உலோகங்கள் எவ்வளவு மீண்டு வந்தன என்பதை வைத்துத்தான் கணக்கு. ஈயம் கலந்த கண்ணாடியைப் பத்திரமாகப் பிரித்துப் பாதுகாப்பாக ஒப்படைத்தால் கணக்கில் ஏறாது, செலவில் ஏறும். சட்டம் இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் காயலான் கடைக்காரர் எதைப் பிரித்தெடுத்தாரோ அதையேதான் எண்ணுகிறது. எது அந்த மனையில் சாக்கடை ஓரமாகக் கிடந்ததோ அதற்கு இங்கேயும் விலை இல்லை. இந்த ஆலையில் அதைத் தெருவில் போட மாட்டார்கள், அனுமதி போய்விடும். அது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர்கள் ஆசையாக வந்து எடுக்கவும் மாட்டார்கள்.

அப்புறம் பேரம் பேசினோம். திருச்சிப் பக்கம் அவர்கள் வண்டி மாதம் ஒரு முறை வருமாம். தஞ்சாவூருக்குத் திருப்ப வேண்டுமானால் குறைந்தது 300 கிலோ இருக்க வேண்டும், அதில் மானிட்டர் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். மானிட்டருக்குக் காசு கிடையாது, ஆனால் நம்மிடமும் கேட்க மாட்டார்கள். மற்றதற்குக் காயலான் கடை விலையைவிடக் கொஞ்சம் கம்மி. வாங்கிக்கொண்டதற்கு எடைச் சீட்டு, பிறகு அழித்ததற்கு ஒரு சான்று. எடை நம் கண் முன்னால். எனக்கு இது நியாயமாகப் பட்டது. வண்டி வந்து எடுத்துப் போன பிறகு நாலாக உயர்த்தலாம் என்று மூன்றரையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

யாராவது இதே வழியில் போனால் ஒரு விஷயம். சி.பி.யூ.வைக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். என் பழைய டிஸ்கில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், விவாகரத்து மனு எல்லாம் இருந்தன. எந்த நிறுவனமும் இதை எனக்கு நினைவுபடுத்தவில்லை. ரெண்டையும் துளைபோடும் மெஷினில் நாலு நாலு ஓட்டை போட்ட பிறகுதான் சாக்கில் சேர்த்தேன். டோனரைத் திறந்து தட்டிப் பார்க்க வேண்டாம், அந்தக் கறுப்புத் தூள் மூக்கில் ஏறினால் ரெண்டு நாள் தும்மல்.

இப்போது என் கணக்கில் 80 கிலோ மிச்சம், அதில் 40 கிலோ அந்த மூன்று மானிட்டர். இந்த 80 கிலோவை வைத்து வண்டி வராது என்பதால் தெருவில் கேட்க ஆரம்பித்தேன். மூடிவிட்ட பிரவுசிங் சென்டர்காரர் 65 கிலோ வைத்திருந்தார், எல்லாம் சி.பி.யூ.வும் நெட்வொர்க் ஸ்விட்சும். போட்டோ ஸ்டுடியோவில் 24, பழைய பிளாஷ் லைட்டும் பிரிண்டரும். ஒரு பள்ளிக்கூட லேபில் இருந்து 92 கிலோ கொடுக்கிறோம் என்றார்கள், சந்தோஷமாகப் போய்ப் பார்த்தால் அத்தனையும் மானிட்டர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. விட்டால் அது எந்த மனைக்குப் போகும் என்று தெரியும். ஆக மொத்தம் 261 கிலோ, அதில் 132 மானிட்டர். இப்போது போன் போட்டால் பாதிக்கு மேல் கண்ணாடி என்று சொல்லிவிடுவார்.

இன்னும் 39 கிலோ வேண்டும், கண்ணாடி இல்லாமல். நேற்று பக்கத்துத் தையல்கடை அண்ணன் ஓடாத இஸ்திரிப் பெட்டி ரெண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்றே முக்கால் கிலோ.